பண்டாரவன்னியனும் மன்னார்க் கோட்டையும்

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியைப் பள்ளி நாள்தோறும் இருமுறை கடப்பவன் நான். தீவின் வாயிலில், கடலை நோக்கியும் கரையை நோக்கியும் ஏககாலத்தில் காவல் நிற்பதுபோல, நான்கு கொத்தளங்களோடு நிற்கிறது பழைய கோட்டை. அதனைப் போர்த்துக்கீசர் 1560 ஆம் ஆண்டில் இத்தீவைக் கைப்பற்றியபோது அமைத்தனர்; 1658 இல் ஒல்லாந்தர் பறித்துப் பின்னர் திருத்திக் கட்டினர்; 1795 ஒக்டோபர் 5 ஆந் திகதி ஆங்கிலேயர் கைக்கொண்டனர். இம்மூன்று ஆண்டுகளையும் எங்கள் பிள்ளைகள் பிழையின்றி ஒப்பிப்பர். நாலாவதாக ஓராண்டும் உண்டு. அதனை எவரும் ஒப்பிப்பதில்லை. 1803 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வன்னிக் காட்டினுள் ஒரு மனிதனைத் தேடி ஆங்கிலப் படையொன்று மன்னாரிலிருந்து புறப்பட்டது. அம்மனிதன் குலசேகரம் வைரமுத்துப் பண்டாரவன்னியன்.

அவனுடைய பெயரை அறியாத தமிழ்ப் பிள்ளை ஈழத்தில் இல்லை. அவன் வீழ்ச்சியின் பாதை எங்கள் ஊர் வாயிலிலே தொடங்கிற்று என்பதைத்தான் மன்னாரில் பலர் அறியார். நானும் நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தினேன் அல்லேன்.

வன்னி என்னும் சொல்லுக்கு நிகண்டுகள் நெருப்பு என்றும், ஒருவகை மரம் என்றும் பொருள் கூறும். எங்களுக்கு அது ஒரு நாடு. வடக்கே யாழ்ப்பாணக் கடனீரேரி, மேற்கே மன்னார்க் கரை, கிழக்கே முல்லைத்தீவுக் கடல். தெற்கே கண்டியரசின் எல்லைக்குட்பட்ட நுவரகலாவியக் காடுகள். இவற்றினிடையே குளமும் வயலும் காடுமாகக் கிடந்த அந்நிலம் பனங்காமம், கரிக்கட்டுமூலை, மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, தென்னமரவடி எனப் பிரிவுபட்டு, வன்னியர் என்னும் தலைவர்களால் ஆளப்பட்டது. யாழ்ப்பாண அரசர் இருந்தபோது அவர்க்கும், அவ்வரசு 1619 இல் வீழ்ந்தபின் போர்த்துக்கீசர்க்கும், அவர்க்குப்பின் ஒல்லாந்தர்க்கும் வன்னியர் யானைகளைத் திறையாகக் கொடுத்து வந்தனர். கொடுத்து வந்தனர் என்று எழுதுவது எளிது. உண்மையில், கேட்ட தொகையைக் கேட்ட காலத்திற் கொடுத்தது அரிது. இத்தனை யானை பாக்கி, இத்தனை ஆண்டு பாக்கி என்று ஒல்லாந்த அதிகாரிகள் எழுதிவைத்த முறைப்பாடுகளைக் கொண்டே ஒரு நூல் செய்யலாம். வாளெடாமலே ஒரு பேரரசைக் காக்கவைக்கும் வித்தையில் வன்னியர் தேர்ந்தவர். பதினேழாம் நூற்றாண்டில் பனங்காமத்தை ஆண்ட கயிலைவன்னியன் ஒல்லாந்தர் அழைப்புக்கெல்லாம் அசையாதிருந்தமை இதற்கு நல்ல சான்று.

பொறுமை எல்லைகடந்த ஒல்லாந்தர் 1782 ஆம் ஆண்டில் படையோடு புகுந்து வன்னியைக் கீழ்ப்படுத்தினர். இலங்கையில் தாம் கண்ட எதிர்ப்புகளுள் இதுவே கடுமையானது என்று வென்றவர்களே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அந்தப் போர் நடந்தது. வன்னிச்சியர் என்று வழங்கப்பட்ட பெண் தலைவர்களும் அதில் நின்று பொருதனர். அவருள் ஒருத்தி கொழும்புக் கோட்டையிற் சிறைவைக்கப்பட்டாள். அதன்பின் நாகல் என்னும் அதிகாரி முல்லைத்தீவிலிருந்து வன்னியை நேரே ஆண்டான். வன்னியர் பதவியும் திறையும் ஒருங்கே ஒழிந்தன.

இங்கே வாசகர்கள் ஒன்றை உற்று நோக்கவேண்டும். மேடைகளிலும் கதைகளிலும் பண்டாரவன்னியன் அரியணையில் வீற்றிருந்து, அமைச்சரும் தானைத்தலைவரும் சூழ, வரி கேட்டு வந்த வெள்ளையனை விரட்டும் மன்னனாக வருகிறான். பக்கத்து நாட்டுப் பாஞ்சாலங்குறிச்சிக் காட்சி அப்படியே இங்கே பெயர்த்து நடப்பட்டதோ என்று ஐயுறும்படி அது அமைந்துவிடுகிறது. உண்மை வேறு. அவன் படையெடுத்த 1803 ஆம் ஆண்டில் வன்னியர் ஆட்சி பறிபோய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவனுக்கு இறை செலுத்தும் ஊர் இல்லை, கோட்டை இல்லை, ஒரு துறைமுகமும் இல்லை. இழந்ததை மீட்கப் புறப்பட்ட வழித்தோன்றல் அவன். உள்ள அரசைக் காப்பதற்காகப் போரிடுவதினும் இல்லாத அரசை மீட்பதற்காக ஆள் திரட்டுவது எத்துணை அரிது! தன் பெயரையன்றிக் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாதவன் பின்னே மக்கள் போயினர் என்றால், அப்பெயருக்கு அவர்களிடத்தில் இருந்த மதிப்பை நாம் உணரலாம்.

பெயர் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. பண்டாரம் என்பது தமிழில் கருவூலத்தைக் குறிக்கும். பூமாலை கட்டும் சைவ அடியாரையும் குறிக்கும். சிங்களத்தில் பண்டார என்பது உயர்குடிப் பிறப்பைக் குறிக்கும் பட்டம். எது அவன் பெயரின் மூலம் என்று வழக்காடுவோர் உளர். வன்னிக் காட்டின் ஒருபுறம் தமிழும் மறுபுறம் சிங்களமும் வழங்கின. அவன் கண்டியரசனின் துணையோடு போரிட்டவன். அப்படிப்பட்டவன் பெயரில் இரு மொழியும் கைகோத்து நிற்பது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

அவன் காலத்து உலகத்தைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். மன்னார்க் கடலுக்கு அப்பால், ஒரு நாட் படகுப் பயணத்தில் எட்டக்கூடிய தொலைவில், பாளையக்காரர் போர் எரிந்து அடங்கியிருந்தது. கட்டபொம்மன் 1799 ஒக்டோபர் 16 இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். மருது சகோதரர் 1801 ஒக்டோபர் 24 இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரை அதே ஆண்டு நவம்பரில் அம்முடிவையே அடைந்தான். அரிப்பு முத்துக்குளிப்புக்கு ஆண்டுதோறும் தென்பாண்டிக் கரையிலிருந்து பல்லாயிரவர் வந்து கூடினர்; சரக்கேற்றிய தோணிகள் இரு கரைக்குமிடையே ஓயாது ஓடின. முத்தோடும் நெல்லோடும் செய்தியும் ஏறிவராமலா இருந்திருக்கும்?

அந்த முத்துக்குளிப்பே மன்னார்க் கரையை ஆங்கிலேயர் உயிர்போற் காத்தமைக்குக் காரணம். இலங்கையைக் கைப்பற்றிய முதலாண்டுகளில் அவர்க்குப் பெருவருவாய் தந்தது அரிப்புக் கடலின் சிப்பிப் பார்தான். தேசாதிபதி நோர்த் அரிப்பிலே கிரேக்கத் தூண்களோடு ஒரு மாளிகை கட்டினான். அதன் இடிபாடு கடலரிப்புக்குத் தப்பியவரையில் இன்றும் கரையில் நிற்கிறது. பண்டாரவன்னியன் காட்டில் ஆள் திரட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளும் அம்மாளிகை எழுந்த ஆண்டுகளும் ஒன்றே என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஒருவகை மனக்கசப்பு உண்டாகும்.

1803 இன் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கண்டிமீது படையெடுத்தனர். மலைநாட்டுத் தலைநகரைப் பிடித்து, முத்துசாமி என்பவனைத் தம் கைப்பாவை அரசனாக வைத்தனர். ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன் பின்வாங்கிக் காத்திருந்தான். காய்ச்சல் ஆங்கிலச் சேனையைத் தின்றது. யூன் மாத இறுதியில் மேஜர் டேவியின் கீழிருந்த காவற்படை சரணடைந்து, மகாவலிக் கரையில் அழிந்தது. இச்செய்தி இலங்கைக் கரையெங்கும் பரவியபோது, வெள்ளையனும் வெல்லப்படக்கூடியவனே என்னும் எண்ணம் எழுந்தது. கண்டிப் படைகள் எல்லையோரக் காவல்களையெல்லாம் தாக்கின.

பண்டாரவன்னியன் அந்தத் தறுவாயை நழுவவிடவில்லை. 1803 ஓகஸ்ட் 25 ஆந் திகதி, கண்டியர் சிலரும் துணைநிற்க, முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலக் காவலைத் தாக்கி, அரசாங்க மனையைக் கைப்பற்றினான். காவற்படைக்குத் தலைவனாயிருந்த கப்டன் டிறிபேர்க் என்பவன் தன் ஆட்களோடு தோணியேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பினான். அடுத்த சில வாரங்களில் வடவன்னி முழுவதும் பண்டாரவன்னியன் கைப்பட்டது. அவன் படை ஆனையிறவுவரை சென்றது. ஆனையிறவைத் தாண்டினால் யாழ்ப்பாணம். பட்டணத்து ஆங்கிலேயர் அந்த வாரங்களில் நன்றாக உறங்கியிருக்கமாட்டார்.

ஆயினும் காடு அவனுடையது; கடல் அவனுடையதன்று. முல்லைத்தீவிலிருந்து ஓடியவனைக் கடல் காப்பாற்றிற்று. அவனைத் திரும்பக் கொண்டுவந்ததும் கடலே. ஆங்கிலேயர் மூன்று துறைகளிலிருந்து மூன்று படைகளை ஏவினர். திருகோணமலையிலிருந்து கப்டன் மாட்ஜ். யாழ்ப்பாணத்திலிருந்து லெப்டினன்ற் ஜூவல். மன்னாரிலிருந்து, இரண்டு மாதங்களுக்கு முன் தோணியில் ஓடிய அதே டிறிபேர்க். கிழக்கு, வடக்கு, மேற்கு என மூன்று திசையும் அடைபட்டன. படையொன்று தங்கிப் புறப்படுவதற்கு அந்நாளில் மன்னாரிலே எங்கள் கோட்டையினும் தக்க இடம் வேறெது இருந்திருக்கும்?

மன்னாரிலிருந்து வன்னியின் உட்பகுதிக்குச் செல்வது இன்று பேருந்தில் ஒரு காலைப்பொழுதின் வேலை. அன்று அது ஆறும் சேறும் யானைத் தடமுமான வழி. இடையே பறங்கியாறு என்றோர் ஆறு உண்டு. பாலியாறு என்று மற்றொன்று உண்டு. ஒக்டோபர் இறுதி மாரி தொடங்கும் காலம். அத்தனையையும் கடந்து சென்ற டிறிபேர்க்கின் படை, ஒக்டோபர் 31 ஆந் திகதி, ஒட்டுசுட்டானுக்கு அணித்தாய கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனை எதிர்பாராத வேளையிற் சூழ்ந்தது. வன்னிப் படை முறிந்தது. ஓகஸ்ட் 25 முதல் ஒக்டோபர் 31 வரை எண்ணிப் பார்த்தால் அறுபத்தேழு நாள். அவனுடைய வெற்றியின் ஆயுள் அவ்வளவே.

கற்சிலைமடுவுக்கு நான் முதன்முறை சென்றது நடுவயதிலே. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரை வணங்கிவிட்டுத் திரும்பும் வழியில் இறங்கினேன். இவ்விடத்தையடுத்து டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று திகதியோடு தெரிவிக்கும் ஆங்கிலக் கல்லொன்று அங்கே நாட்டப்பட்டிருந்த வரலாறு பலரும் அறிந்ததே. ஆங்கிலேயர் அதனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போர் நடந்து நூறாண்டு சென்றபின் நாட்டினர். இந்த இடத்தில் என்னுள் இருக்கும் இலக்கண ஆசிரியன் விழித்துக்கொண்டான். போரில் வீழ்ந்தானுக்குக் கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியர் ஆறு துறையாக வகுத்திருக்கிறார். கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக எல்லாம் வீழ்ந்தவனுடைய சுற்றமும் ஊரும் செய்வன. பகைவன் கல் நாட்டுவதற்குத் துறை வகுக்கப்படவில்லை. அத்துணை ஆண்டுகளாக நாம் நாட்டாத கல்லைத் தோற்கடித்தவன் நாட்டினான். தன் பெருமைக்காகவே நாட்டினான். ஆனால் தோற்றவன் பெயரை எழுதாமல் வென்றவன் பெருமையை எழுத இயலவில்லை. வன்னியில் டிறிபேர்க் யார் என்று கேட்டால் இன்று பதில் கிடைப்பது அரிது.

பிற்காலத்தில் நம்மவரும் அங்கே நினைவுச் சின்னம் எழுப்பினர். வவுனியா நகரிற் சிலை வைத்தனர். கற்சிலைமடுச் சின்னம் 2010 இல் உடைக்கப்பட்டது, மறுபடியும் எழுப்பப்பட்டது. கல்லை உடைத்தால் பெயர் போய்விடும் என்று எண்ணுவோர் எந்நாளும் இருக்கிறார்கள்.

கற்சிலைமடுவில் அவன் உயிர் துறந்தான் என்பதே நம் கதைகளின் முடிவு. அக்காலத்து அரசாங்கக் கடிதங்களை ஆராய்ந்தவர்கள் வேறு சொல்கிறார்கள். அவன் அன்று தப்பினான் என்றும், அதன்பின்னும் பல ஆண்டுகள் காட்டிலும் கண்டி எல்லையிலும் உலவினான் என்றும், அவன் பெயர் ஆங்கில அதிகாரிகளைத் தொடர்ந்து வருத்திற்று என்றும் அவர்கள் காட்டியுள்ளனர். இதனைக் கேட்டுச் சிலர் முகஞ் சுளிப்பர். வாளோடு வீழ்ந்த வீரனை நோயாளியாக, நாடோடியாகக் காண அவர்க்கு மனம் ஒப்பவில்லை. எனக்கோ இந்தப் பண்டாரவன்னியனே பெரியவன். அறுபத்தேழு நாள் வென்றவனைப் பாடுவது எவர்க்கும் இயலும். வென்ற நாட்டை ஒரே நாளில் இழந்து, படையும் துணையும் சிதறி, மாரி மழையிலும் மலைக்காய்ச்சலிலும் பணியாமல் ஆண்டுகளைக் கழித்த ஒருவனை நம் மேடைகள் இதுவரை காட்டவில்லை.

மேடை காட்டியது வேறொருவனை. அவன் காக்கைவன்னியன்.

இங்கே என் குற்றமொன்றைச் சொல்லியாகவேண்டும். நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் பள்ளியிற் பண்டாரவன்னியன் நாடகம் நடந்தது. மெலிந்த உடலும் கீச்சுக் குரலும் உடையவனாதலால் எனக்குக் காக்கைவன்னியன் வேடம் கிடைத்தது. பண்டாரவன்னியனின் தங்கையை மணக்க விரும்பி, அவமானமுற்று, வெள்ளையனுக்குக் காட்டிக்கொடுக்கும் துரோகி. நாடகம் முடிந்து கொட்டகையினின்றும் இறங்கியபோது ஒரு முதியவள் என்னை மறித்து, நீ உருப்படுவாயா என்று மண்ணள்ளித் தூற்றினாள். என் நடிப்புக்குக் கிடைத்த பரிசு என்று பெருமிதப்பட்டேன். பின் ஆசிரியனாகி, அக்கதையையே முப்பது ஆண்டுக்கு அண்மித்த காலம் வகுப்பிற் சொன்னேன், வினாத்தாளில் கேட்டேன், துரோகத்தால் வீழ்ந்தது வன்னி என்று எழுதிய பிள்ளைக்கு முழுப் புள்ளியும் கொடுத்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். யாழ்ப்பாண வைபவமாலையில் சங்கிலி மன்னனைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்தவன் காக்கைவன்னியன் என்று நீங்களே சென்ற மாதம் படிப்பித்தீர்கள், ஐயா; அந்தக் காக்கைவன்னியனுக்கும் இந்தக் காக்கைவன்னியனுக்கும் இடையே இருநூறு ஆண்டு இருக்கிறதே, எத்தனை காக்கைவன்னியர் இருந்தனர் என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619 இல்; கற்சிலைமடுப் போர் 1803 இல். நூற்றெண்பத்து நான்கு ஆண்டு. மயில்வாகனப் புலவர் வைபவமாலையை இயற்றியது ஒல்லாந்தர் ஆட்சியில். பண்டாரவன்னியன் போருக்கு நெடுநாள் முன்பு. சங்கிலியின் கதையிலிருந்த துரோகியைப் பிற்காலத்தார் எடுத்துவந்து பண்டாரவன்னியன் கதையிற் சேர்த்துவிட்டனர் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நான்கு பட்டம் பெற்ற எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் முழு உண்மையன்று. இரண்டு நூலையும் நான் அறிவேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்பவில்லை.

ஏன் விரும்பவில்லை? துரோகி ஒருவன் இருந்தால் தோல்வி எளிதில் விளங்கிவிடுகிறது. மூன்று துறைமுகம், மூன்று படை, கடலையாளும் பேரரசு, வெடிமருந்துப் பற்றாக்குறை, ஹங்வெல்லையில் செப்டெம்பர் மாதத்திலேயே முறிந்த கண்டிப் படையெடுப்பு, அதனால் வராமற்போன துணை என்றெல்லாம் ஆராயவேண்டியதில்லை. நம்முள் ஒருவன் கெட்டவன் என்று சொன்னால் போதும்.

இது வெறும் நாடகச் செய்தியாக நின்றுவிட்டால் நான் இவ்வளவு எழுதேன். காக்கைவன்னியன் என்னும் பெயர் எங்கள் நாட்டில் வசைச்சொல்லாகிவிட்டது. காணிப் பிணக்கில் தம்பி தமையனை அப்படிச் சொல்வான். தேர்தற் காலத்தில் ஒரு கட்சியார் மறுகட்சியாரைச் சொல்வர். சொல்லோடு போயிற்றா? அந்தப் பெயர் ஒருவன்மேல் ஏறினால் அன்றிரவு அவன் வீட்டுப் படலை தட்டப்படுமோ என்று அயலார் மூச்சடக்கிக் கிடந்த காலமும் எங்கள் கரையில் இருந்தது. அப்படித் தட்டப்பட்ட வீடு ஒன்றின் பிள்ளை என் வகுப்பில் இருந்தான். பரீட்சையில் அவனும் துரோகத்தால் வீழ்ந்தது வன்னி என்றே எழுதினான். நானும் முழுப் புள்ளி கொடுத்தேன். அந்த விடைத்தாள் என் கண்முன் இப்போதும் வருகிறது.

ஓகஸ்ட் 25 ஆந் திகதி பண்டாரவன்னியன் நாளாக வன்னியிற் கொண்டாடப்படுகிறது. கற்சிலைமடுத் தோல்வி நாளை விட்டு முல்லைத்தீவு வெற்றி நாளைத் தேர்ந்தவர்கள் நல்ல மதியுடையவர்கள். சென்ற ஆண்டு எங்கள் பள்ளியிலும் அந்நாளுக்கு நாடகம் போட எண்ணினர். பழைய பிரதியைத் தூசுதட்டி என்னிடம் தந்தனர். காக்கைவன்னியன் வரும் காட்சிகளையெல்லாம் சிவப்பு மையால் அடித்தேன். அவற்றின் இடத்தில் மூன்றே காட்சிகள் எழுதிச் சேர்த்தேன்: திருகோணமலையிலிருந்து ஒரு படை, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு படை, மன்னாரிலிருந்து ஒரு படை. மன்னார்ப் படை புறப்படும் காட்சிக்குத் திரை தீட்டவேண்டியிருந்தது. சித்திரம் வரையும் பையனை அழைத்து, கோட்டையைப் போய்ப் பார்த்து வரைந்துவரச் சொன்னேன். தாம்போதிப் பக்கமிருந்து பார்த்து வரையட்டுமா, கடற்பக்கமிருந்து பார்த்து வரையட்டுமா என்று கேட்டான். உள்ளே போய் நின்று, வாயில் வழியாக வெளியே என்ன தெரிகிறதோ அதை வரை என்றேன்.